ஒட்டுக்கேட்டவருக்கு மட்டும் ஒரு விலை

ஒட்டுக்கேட்பது தேன்மொழியின் தொழில். அதற்கு மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் இருந்தன. அவள் ஒட்டுக்கேட்டது மனிதர்களை அன்று. ஒரே கணினிக்குள் ஓடும் நிரல்களை. ஒரு நிரல் இன்னொரு நிரலுக்குச் செய்தி அனுப்பும். அவ்விரண்டுக்கும் நடுவே தன்னுடைய நிரலொன்றை நுழைத்து, போகிற செய்தி என்ன, அதை மூன்றாவது ஆள் படிக்க முடியுமா, மாற்ற முடியுமா என்று பார்த்து அவள் அறிக்கை எழுத வேண்டும். அமெரிக்க நிறுவனங்களும் ஜெர்மானிய நிறுவனங்களும் தங்கள் மென்பொருளை இதற்காக அனுப்பின. பெங்களூரில் சில ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்தவள், கம்பெனி திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில் ஒரு கிளை திறந்தபோது, சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அங்கே மாறி வந்திருந்தாள்.

2017ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மதியம், அவளுடைய அண்ணன் கிரண்குமார் சித்தூரிலிருந்து பஸ் ஏறி, முன்னறிவிப்பு இல்லாமல் அந்த அலுவலக வாசலில் வந்து நின்றான்.

"இன்னாணா, இன்னிக்கு டூட்டி இல்லியா?"

"இல்ல. இனிமே இருக்குமான்னும் தெரியல. டீ வாங்கிக் குடு, சொல்றேன்."

கிரண்குமார் பங்காருபாளையத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம் இருக்கும் விவசாயிகள் சங்கத்து மாங்காய் மண்டியில் ஏல எழுத்தர். வெதுருகுப்பத்தில் பிறர் தோப்புகளில் கூலிக்குக் காய் பறித்த குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் மாங்காய்க்கு ஏல மணி அடிக்கும் இடத்துக்கு வந்த முதல் ஆள் அவன். அந்த மணியைத்தான் அவனிடமிருந்து வாங்கிவிட்டார்கள்.

டீக்கடையில் அவன் சொன்னது இது. இரண்டு பருவங்களுக்கு முன்பு மண்டியில் ஏலத்தைக் கணினிக்கு மாற்றினார்கள். வியாபாரிகள் ஒவ்வொருவருக்கும் உள்ளங்கை அளவில் ஒரு கருவி. ஒரு குவியலைக் கூவியதும் அவரவர் தம் விலையை அதில் அழுத்த வேண்டும். மணி அடிக்கும்வரை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் விலை இன்னொருவருக்குத் தெரியாது. மணி அடித்ததும் வென்றவர் பெயரும் விலையும் பலகையில் வரும். இந்தப் பருவத்தில் நல்ல காய் எல்லாம் வேதாச்சலத்துக்கே போயிற்று. சித்தூரில் பெரிய கிடங்கு வைத்திருப்பவர். ஒவ்வொரு முறையும் அடுத்தவரைவிட ஒரு நூறு ரூபாய் மட்டும் கூடுதலாகக் கேட்டு வென்றார். மற்றவர்கள் சலித்துப்போய்க் கேட்பதையே குறைத்துக்கொண்டார்கள். விலை விழுந்தது. விவசாயிகள் கத்தினார்கள்.

"கம்ப்யூட்டராண்ட ஒக்காந்துக்கினு இருக்குறது நான் ஒருத்தன்தான். பாஸ்வேர்டும் என்னாண்டதான். அப்ப நான்தான் வேதாச்சலத்துக்குச் சொல்லிக்கினு இருக்கேன். அவ்ளோதான் கணக்கு."

"நீ சொன்னியா?"

அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "தேனு, இத நீயும் கேக்குறியா?"

"வேலைன்னு வந்துட்டா மொத கேள்வி இதுதான் கேப்போம். கோவிச்சிக்காத."

"சொல்லல."

"சரி. எப்ப வரைக்கும் டைம்?"

"சனிக்கெழம ஏலம். அதுக்குள்ள ஒண்ணும் தெரியலன்னா, திங்கக்கெழம சித்தூர் போயி போலீஸ்ல எழுதிக் குடுக்குறேன்னு பிரசிடென்ட் சொல்லிட்டாரு. எம்பேர்ல."

தேன்மொழி மறுநாளைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'குடும்ப வேலை' என்று எழுதினாள். அதில் பொய் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சங்கத் தலைவர் நாராயணசாமி தம் அலுவலகத்தில் அவளை உட்காரச் சொன்னார், கிரண்குமாரைச் சொல்லவில்லை. அவருக்கும் தோப்பு உண்டு. புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே நிலம் வாங்கியவர். நியாயமான மனிதர் என்று பெயர் எடுத்திருந்தார். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதில் சற்று அவசரம் காட்டுபவரும்கூட.

"ஏம்மா, நீ அவன் தங்கச்சி. நீ பாத்து அவன் நல்லவன்னு சொன்னா ஊரு நம்புமா?"

"நம்ப வேணாம் சார். நீங்க பக்கத்துல ஒக்காந்து பாருங்க. ஒங்க கண்ணுல படாத எதையும் நான் சொல்ல மாட்டேன்."

அவர் எழுத்தில் அனுமதி கொடுத்தார். அது இல்லாமல் விசைப்பலகையைத் தொட மாட்டேன் என்று அவள் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது.

மென்பொருளை எழுதியது ஐதராபாத்தில் ஒரு கம்பெனி. எழுதியவர் முட்டாள் அல்லர் என்பது தேன்மொழிக்கு முதல் பார்வையிலேயே தெரிந்தது. கருவியிலிருந்து கணினிக்கு வரும் விலை பூட்டப்பட்டு வந்தது. கணினியில் சேமிக்கப்படும் விலையும் பூட்டப்பட்டே இருந்தது. ஆனால் வேலையை இரண்டு நிரல்கள் பகிர்ந்துகொண்டன: ஒன்று விலையை வாங்கியது, மற்றது சேமித்தது. முதல் நிரல் இரண்டாவதன் கையில் விலையைக் கொடுக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் மட்டும் பூட்டு இல்லை. ஒரே வீட்டு ஆட்கள்தாமே என்று எழுதியவர் நினைத்திருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகள் அப்படித்தான் திருடு போகின்றன என்பது அவளுடைய தொழில் அனுபவம்.

"சார், முன்ன துண்டுக்கு அடியில கை கோத்து வெல பேசுவீங்களே, ஞாபகம் இருக்குதா?"

"ஏன் இல்லாம? இருவது வருசம் பேசுனேன். வெரலத் தொட்டா வெல. பாக்குறவனுக்குத் துண்டுதான் தெரியும்."

"இந்த ரெண்டு புரோகிராமும் அப்பிடித்தான் கை கோத்துக்கினு இருக்குது. ஆனா மேல துண்டு போடல."

நாராயணசாமி திரையை நோக்கிக் குனிந்தார். அவர் பார்த்த துண்டுகளில் எதற்கும் இவ்வளவு எழுத்து இருந்ததில்லை.

அவள் தன் நிரலை அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார வைத்தாள். முதலாவது அதைச் சேமிக்கும் நிரல் என்று நம்பியது. இரண்டாவது அதை வாங்கும் நிரல் என்று நம்பியது. ஒரு கருவியை எடுத்து 'இருபத்தைந்தாயிரம்' என்று கிரண்குமாரை அழுத்தச் சொன்னாள். செய்தி வந்தது, கடந்தது, சேர்ந்தது. அத்துடன் நிற்கவில்லை. இன்னொரு காதும் அதே செய்தியை வாங்கிக்கொண்டது: 'பிரிண்டர் உதவி' என்ற பெயரில் ஓசையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த மூன்றாவது நிரல். அது பிரிண்டருக்கு எந்த உதவியும் செய்யவில்லை. விவசாயிகளுக்கு விலை நிலவரம் அனுப்புவதற்காகக் கணினியில் செருகியிருந்த சிம் வழியே, கேட்டவர் பெயரையும் கேட்ட விலையையும் ஒரு கைப்பேசி எண்ணுக்கு அனுப்பியது.

"யார் நம்பரு?" என்றார் நாராயணசாமி.

யாருடைய பட்டியலிலும் இல்லாத எண்.

"அடிச்சுப் பாத்துரலாமே. மண்டியில எவன் ஜேபு கத்துதுன்னு தெரிஞ்சுரும்."

"கத்துற மாதிரி வெச்சிக்க மாட்டாங்க சார். அடிச்சா உஷாராயிடுவாங்க. சிம்மு கெணத்துக்குப் போயிடும்."

கிரண்குமார் முகத்தில் இரண்டு வாரமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. அது அதிக நேரம் நிலைக்கவில்லை. நாராயணசாமி நாற்காலியில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"சரே. திருட்டுக் காது ஒண்ணு இருக்குது, ஒத்துக்கறேன். அத வெச்சது யாரு? பாஸ்வேர்டு ஒருத்தன்கிட்டதான இருக்குது?"

கிரண்குமார் தங்கையைப் பார்த்தான். அவள் கண்டுபிடித்தது அவனை விடுவிக்கவில்லை; அதுவரை சந்தேகமாக இருந்ததற்கு ஒரு கருவியைத் தேடிக் கொடுத்திருந்தது. இது தேன்மொழிக்கும் அதே கணத்தில் உறைத்தது.

"சார், ஒட்டுக்கேக்குறது யாருன்னு காட்டிட்டா?"

"எப்பிடி?"

"நடுவுல இருக்குறது இப்ப என் புரோகிராம். சேமிக்கிற பக்கத்துக்கு நெசமான வெலய மட்டும் அனுப்புவேன். ஒட்டுக்கேக்குற பக்கத்துக்கு மட்டும், யாருமே கேக்காத ஒரு வெலயச் சேத்து அனுப்புவேன். அந்த வெலக்கி மேல எவன் ஏத்துறானோ, அவன்தான்."

நாராயணசாமி முகம் சுளித்தார். "பொய் வெல சொல்றது மண்டிக்கு ஆவாதும்மா."

"யாருக்கும் சொல்ல மாட்டோம் சார். ஒட்டுக்கேக்குறவனுக்குத்தான் கேக்கும்."

அவர் அதை மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தவர்போல் இருந்தார். பிறகு, "என் காயவே வெச்சிக்கோ," என்றார். "பங்கினபல்லி. நாளைக்கு மொத குவியல் என்னுதுதான். வேற எவன் வயித்துலயும் அடிக்க வேணாம்."

பொய் விலைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. சிறு வியாபாரி முனிசாமியின் பெயரை நாராயணசாமியே தேர்ந்தார். சனிக்கிழமை காலையில் அவரைக் கூப்பிட்டு, "ஒன் மெஷின ஒரு சோதனைக்குக் குடு, ஒரு ஏலம் முடிஞ்சதும் தரேன்," என்று வாங்கி, மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். காரணம் சொல்லவில்லை. ஒரு குவியல் கைவிட்டுப்போவதை முனிசாமி எளிதாக விட்டுவிடவில்லை. "எல்லார் மெஷினும் நல்லாகீது, என்னுது மட்டும் சோதனயாம்! ஏழைன்னா அதுகூட நம்ப மாட்டேங்குது," என்று மண்டி முழுக்கப் புலம்பித் தீர்த்தார்.

ஏலம் தொடங்கியது. கிரண்குமாரைக் குவியலுக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி, கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு நிறுத்தியிருந்தார்கள். தண்டனை என்று வியாபாரிகள் நினைத்தார்கள். அலுவலகத்துக்குள் தேன்மொழியும் சங்க உறுப்பினர்கள் சிலரும் திரைக்கு முன் இருந்தார்கள். நாராயணசாமி கூவினார்.

விலைகள் வந்தன. இருபத்தாறாயிரம், இருபத்தேழு, இருபத்தேழரை. டன்னுக்கு அவ்வளவுதான் அந்த வாரச் சந்தை. வேதாச்சலத்தின் கருவி இருபத்தேழாயிரத்து அறுநூறு என்றது. அதே நூறு ரூபாய்.

தேன்மொழி முனிசாமியின் பெயரில் இருபத்தொன்பது என்ற செய்தியை ஒட்டுக்கேட்கும் பக்கத்துக்கு மட்டும் விட்டாள். சேமிப்பில் அப்படி ஒன்று பதியவில்லை என்பதைப் பக்கத்துத் திரையில் உறுப்பினர்கள் பார்த்தார்கள். யாரோ தொண்டையைச் செருமினார்.

வேதாச்சலம்: இருபத்தொன்பதாயிரத்து நூறு.

அவள் முப்பத்திரண்டு விட்டாள். சன்னல் வழியே பார்த்தபோது, வேதாச்சலம் தோள்துண்டைச் சரிசெய்கிறவர்போல மடியில் எதையோ குனிந்து பார்ப்பது தெரிந்தது. அவர் நிமிர்ந்து முனிசாமியைத் தேடினார். முனிசாமி ஒரு கூடையின்மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பெரிய ஏற்றுமதிக்காரன் எவனோ பின்னால் இருக்கிறான், அதனால்தான் இவ்வளவு அலட்சியம் என்று வேதாச்சலத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முப்பத்திரண்டாயிரத்து நூறு.

"இன்னும் ஏத்தும்மா," என்றார் ஓர் உறுப்பினர், ஏலம் தம்முடையது போல.

முப்பத்தாறு. இம்முறை சற்றுத் தாமதம். பிறகு அந்த நூறு ரூபாயும் வந்து சேர்ந்தது. மணி அடித்தது. பலகையில் வேதாச்சலத்தின் பெயரும் முப்பத்தாறாயிரத்து நூறு என்ற விலையும் வந்தன. மண்டியில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அந்தப் பருவத்தில் அப்படி ஒரு விலையை யாரும் பார்த்ததில்லை.

நாராயணசாமி ஒலிபெருக்கியை அணைக்காமலே கேட்டார்: "வேதாச்சலம், ஒனக்கு அடுத்த கை இருவத்தேழர. நீ எதுக்குப்பா முப்பத்தாறுக்கு ஏறுன?"

வேதாச்சலம் அசைந்ததாகத் தெரியவில்லை. அவர் இந்தத் தொழிலில் வெகுகாலம் இருந்தவர்.

"காயி நல்லா இருந்துச்சு, கேட்டேன். பிரசிடென்ட் தோப்புக் காயாச்சே, மரியாத குடுத்தேன். தப்பா?"

உறுப்பினர் ஒருவர் வெளியே வந்து, தாம் திரையில் கண்டதைச் சொன்னார். வேதாச்சலம் சிரித்தார்.

"கம்ப்யூட்டர்ல இன்னா வேணும்னாலும் காட்டலாம்ணா. காட்டுறது யாரு? அந்த எழுத்தன் தங்கச்சி. அண்ணனக் காப்பாத்த வந்த பொண்ணு காட்டுனத நீ கையக் கட்டிக்கினு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்ற."

கூட்டத்தில் சிலர் தலையசைத்தார்கள். தேன்மொழி வாசற்படியில் நின்றாள். அவர் சொன்னது தவறான தர்க்கமும் அன்று. அறிக்கையில் அவள் எழுதியிருக்கக்கூடிய எந்த வாக்கியமும் இந்த ஆட்களை அசைக்காது. நிரலுக்குள் நடந்ததை நிரலுக்கு வெளியே காட்டும் சாட்சி அவளிடம் இல்லை. குவியலுக்குப் பக்கத்தில் கிரண்குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது சோடா விற்கும் சந்திரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

அந்த மண்டியில் துண்டுக்காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. வென்றவர், தமக்கு அடுத்தபடியாகக் கேட்டுத் தோற்றவருக்குச் சோடா வாங்கி அனுப்புவார்; மனத்தாங்கல் வைத்துக்கொள்ளாதே என்று அதற்குப் பொருள். அந்நாளில் இரண்டாவது கை யாருடையது என்பதைத் தரகர் உடனே கண்ணால் காட்டிவிடுவார். கணினி வந்தபின் அந்தப் பெயர் மாலையில், எல்லா ஏலமும் முடிந்த பிறகுதான் தெரியும். சோடாவும் மாலைக்குத் தள்ளிப்போயிருந்தது.

"முனிசாமிண்ணா," என்றாள் சந்திரம்மா, கோலி சோடாவைத் தட்டி உடைத்து நீட்டியபடி. "இந்தா, குடி. வேதாச்சலம் அண்ணன் மணி அடிச்சதும் சைகை காட்டி அனுப்பிச்சுது."

முனிசாமி பாட்டிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கா? எனக்கு எதுக்கு?"

"நீதான் ரெண்டாங்கையாம்."

"நானா?" முனிசாமி எழுந்தே விட்டார். "ஏமய்யா இது! எம்மெஷினே பிரசிடென்ட் டிராயர்ல கெடக்குது. காலையிலேர்ந்து ஊருக்கே கத்திக்கினு இருக்கேன். நான் கைய வெச்சாத்தான ரெண்டாங்கை? வெறுங்கைக்கு எவனாச்சும் சோடா ஊத்துவானா?"

பின்வரிசையில், அன்று தோதாபுரிக் காய் கொண்டு வந்திருந்த வெங்கடம்மா சிரிக்கத் தொடங்கினாள். அது மண்டி முழுக்கப் பரவிற்று. முனிசாமியின் பெயர் பலகையில் வரவில்லை. யார் வாயிலும் வரவில்லை. தேன்மொழியின் நிரலிலிருந்து ஒரே ஒரு காதுக்குத்தான் போயிருந்தது. அதைக் கேட்ட மனிதர், பழக்கதோஷத்தில் சோடாவும் வாங்கி அனுப்பிவிட்டார்.

நாராயணசாமி வேதாச்சலத்தின் முன் வந்து நின்றார். "முனிசாமி கேட்டான்னு ஒனக்கு யாருப்பா சொன்னது? கிரண்குமாரா? அவன் காலையிலேர்ந்து ஒன் கண்ணு முன்னாடி மாங்காயாட்டம் நின்னுக்கினு இருக்கான்."

வேதாச்சலத்தின் முகம் கறுத்தது. பிடிபட்டதைவிட அந்தப் பெயரோடு தம் பெயர் சேர்ந்ததுதான் அவரைச் சுட்டிருக்க வேண்டும்.

"இவனா?" என்றார். "இவனாண்ட போயி நான் கை நீட்டுவனா? காய் பறிக்கிறவன் பையன்கிட்டயா? எனக்கு அந்தத் தலையெழுத்து இல்ல. ரிப்பேருக்கு வர்ற கம்பெனிக்காரன் போன பருவக் கடைசியிலயே போட்டுக் குடுத்துட்டான். இவனுக்கு அது ஓடுறதுகூடத் தெரியாது."

இழிவாகச் சொன்ன அந்த வாக்கியங்களைவிடத் தெளிவான நற்சான்றை யாரும் கிரண்குமாருக்கு எழுதிக் கொடுத்திருக்க முடியாது. தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது வேதாச்சலத்துக்குக் கடைசிச் சொல்லுக்குப் பிறகுதான் விளங்கியது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, லாரி நிற்கும் திசையில் திரும்பினார்.

"எங்க போற?" என்றார் நாராயணசாமி. "முப்பத்தாறாயிரத்து நூறு. கை வெச்சா வெச்சதுதான். மண்டி வழக்கம் ஒனக்குத் தெரியாததா? காய ஏத்திக்கினு போ. மிச்சத்த திங்கக்கெழம சித்தூர்ல பேசிக்கலாம். எப்பிடியும் போறதா இருந்தேன். பேரு மட்டும் மாறுது."

இம்முறை சிரிப்பில் வியாபாரிகளும் சேர்ந்துகொண்டார்கள். முனிசாமி சோடாவைக் குடித்து முடித்துவிட்டு, தம் கருவியைக் கேட்டு அலுவலகத்துக்குள் போனார்.

தேன்மொழி கணினிக்குத் திரும்பினாள். செய்ய வேண்டிய வேலை இன்னும் இருந்தது. 'பிரிண்டர் உதவி'யை அது அனுப்பிய செய்திகளுடன் சாட்சிக்காக நகலெடுத்து நாராயணசாமியிடம் கொடுத்துவிட்டு, ஓடுவதை நிறுத்தினாள். இரண்டு நிரல்களுக்கு இடையிலான வழியை, அவ்விரண்டைத் தவிர வேறெதுவும் திறக்க முடியாதபடி இறுக்கினாள். பிறகு நடுவில் இருந்த தன் நிரலையும் வெளியே எடுத்தாள். பாஸ்வேர்டை மாற்றும் கட்டத்தைத் திறந்து வைத்துவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டாள்.

"புதுசா ஒண்ணு போட்டுக்கோ. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

"ஒனக்குத் தெரிஞ்சா இன்னா?"

"யாருக்கும் தெரியக் கூடாது. எனக்கும்தான்."

அவன் அழுத்தினான். வெளியே நாராயணசாமி நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஒலிபெருக்கியை நீட்டினார்.

"அடுத்த குவியல் யாருது?"

"வெங்கடம்மாது சார். தோதாபுரி."

"அப்ப ஏன் நின்னுக்கினு இருக்க? ஆள் இல்லாம மைக்கு தானா கூவுமா? கூவு."

கிரண்குமார் தமிழில் கூவினான். அதையே தெலுங்கில் கூவினான். அது நெடுஞ்சாலைவரை கேட்டது. வாரக்கணக்கில் கருவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்த வியாபாரிகள் அதை வெளியே எடுத்தார்கள். கணினியில் விலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அவை என்ன விலைகள் என்பது அந்த அறையில் இருந்த தேன்மொழிக்குத் தெரியவில்லை. தெரிய வழியும் இல்லை.

நேரம் முடிந்தது. மணியைக் கிரண்குமார் அடித்தான். தேவைக்குச் சற்று அதிகமாகவே அடித்தான்.